கருவியின் அறிவும் வாங்குவோர் கேள்வியும்

மின்சாதனக் கடையொன்றில் இன்று நுழைவோரின் கண்ணில் முதலிற்படும் சொல் 'ஸ்மார்ட்' என்பதாகும். தொலைக்காட்சிப் பெட்டியின்மீது அச்சொல் ஒட்டப்பட்டிருக்கின்றது. சலவை இயந்திரத்திலும் குளிர்பெட்டியிலும் காண்கின்றோம். விசிறியும் விளக்கும்கூட அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. அறிவுடைய கருவி என்பது அதன் பொருள். உயிரற்ற பொருளுக்கு அறிவு ஏது என்று வினவுவோர் இருக்கலாம். ஆயினும் வணிகர் அப்பெயரை வெறுமனே சூட்டிவிடவில்லை. தன் வேலை முடிந்ததைத் தானே உணர்ந்து நிற்கும் ஆற்றல், பயன்படுத்தப்படும் சூழ்நிலையை அளந்து அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஆற்றல், எங்கோ இருந்து கைப்பேசி வழியாக இடப்படும் கட்டளையை ஏற்று நடக்கும் ஆற்றல் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டனர். இம்மூன்றும் ஒரே காலத்தில் பிறந்தவையல்ல. ஒரே விலைமதிப்புடையனவும் அல்ல. இவற்றைப் பிரித்தறியாமல் பணம் கொடுப்பவர் எதற்குப் பணம் கொடுத்தோம் என்பதை அறியாமலே வீடு திரும்புகின்றார்.

வீட்டுக் கருவிகளின் வரலாற்றை எழுதியோர் பலர். அக்கருவிகளின் பயனை வாங்குவோருக்கு யார், எவ்வாறு எடுத்துரைத்தனர் என்னும் வரலாறு அத்துணை பேசப்படவில்லை. நேயர்கள் ஈண்டுக் கேட்கப்போவது அவ்வரலாற்றின் சில பகுதிகளே.

கருவி தானே உணர்ந்து நிற்பதற்கு வேண்டிய அடிப்படை மிக எளியது. வெவ்வேறு அளவில் விரிவடையும் இரண்டு உலோகத் தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டிவைத்தால், சூடேறும்போது அத்தகடு ஒருபுறமாக வளையும். ஆண்ட்ரு யூர் என்னும் ஸ்காட்லாந்து வேதியியலறிஞர் 1830ஆம் ஆண்டில் இத்தத்துவத்தைக் கொண்டு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். தெர்மோஸ்டாட் என்ற பெயரும் அதனோடு வழக்கிற்கு வந்தது. மின்சார இஸ்திரிப் பெட்டிக்கு 1882ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. ஆனால் அன்றைய பெட்டிக்குத் தன் சூடு இன்னதென்று தெரியாது. இல்லத்தரசி விரலை நனைத்துத் தெளித்துப் பார்த்துச் சூட்டை மதிப்பிட வேண்டியிருந்தது. சிறிது கவனம் தவறினால் துணி கருகிற்று. 1920களில் இஸ்திரிப் பெட்டிக்குள் தெர்மோஸ்டாட் புகுந்த பின்னரே பட்டுக்கு ஒரு சூடு, பருத்திக்கு ஒரு சூடு எனத் திருகி வைக்கும் வசதி ஏற்பட்டது. வளையும் அந்தச் சிறு தகடே வீட்டுக் கருவி பெற்ற முதல் அறிவு எனலாம். அது யாரோடும் பேசுவதில்லை. எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. பெட்டி உழைக்குங்காறும் தானும் உழைக்கின்றது.

மின்சாரம் வீடுகளுக்குள் வந்த காலத்தில் அதன் பயனை விளக்குவது எளிதாக இருக்கவில்லை. தொட்டால் உயிர் போகும் என்ற அச்சம் ஒருபுறம். மாதந்தோறும் எவ்வளவு பணம் கேட்கும் என்ற ஐயம் மற்றொருபுறம். பிரிட்டனில் கரோலின் ஹாஸ்லெட் என்னும் பெண்மணியின் தலைமையில் 1924ஆம் ஆண்டில் பெண்களுக்கான மின்சாரச் சங்கம் ஒன்று தோன்றிற்று. ஃபியூஸ் போனால் மாற்றுவது எப்படி, மீட்டரைப் படிப்பது எப்படி, பிளக்கில் எந்தக் கம்பியை எங்கே இணைப்பது என்பவற்றை அச்சங்கம் பெண்களுக்குக் கற்பித்தது. 1935ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரில் முழுவதும் மின்சாரத்தாலேயே இயங்கும் வீடொன்றைக் கட்டி மக்கள் வந்து பார்க்கவும் வைத்தது. இச்சங்கத்திற்கு மின்சாரத் தொழிலினரின் ஆதரவும் இருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. கற்பித்தலும் விற்பனையும் ஒரே மேடையில் கைகோத்து நின்றன. ஆயினும் மீட்டரைப் படிக்கக் கற்றுக்கொண்ட பெண்மணியை விற்பனையாளர் அவ்வளவு எளிதாக ஏமாற்றிவிட முடியாது அன்றோ? கருவியை விளக்குவோர் அதன் செலவைக் கணக்கிடும் வழியையும் சேர்த்துச் சொல்வரேல், அவர் எவரிடம் ஊதியம் பெறுபவராயினும் வாங்குவோருக்கு நன்மையே.

அமெரிக்காவில் நிகழ்ந்தது வேறு வகை. குட் ஹவுஸ்கீப்பிங் என்னும் மகளிர் இதழ் 1900ஆம் ஆண்டில் தனக்கென ஒரு சோதனை நிலையத்தை ஏற்படுத்தி, 1909ஆம் ஆண்டு முதல் தான் சோதித்து ஏற்ற பொருள்களுக்கு முத்திரை வழங்கலாயிற்று. கடைக்காரரின் வாய்ச்சொல்லுக்கு வெளியே மூன்றாமவர் ஒருவரின் சான்று வேண்டும் என்ற எண்ணம் இவ்வாறு வேரூன்றிற்று. உழைப்பு குறையும், ஓய்வு பெருகும் என்பதே அக்காலத்து விளம்பரங்களின் பல்லவி. அது மெய்யாயிற்றா என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் ஆராய்ந்தனர். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்னும் வரலாற்றாசிரியை 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், கருவிகள் பெருகியபோதிலும் இல்லத்தரசியரின் வேலை நேரம் எதிர்பார்த்தவாறு குறையவில்லை என்று காட்டினார். சலவை இயந்திரம் வந்ததும் வாரம் ஒருமுறை துவைத்த துணி நாள்தோறும் துவைக்கப்படலாயிற்று; முன்பு வெளியே கொடுத்துச் செய்வித்த வேலையும், பிள்ளைகளும் ஆடவரும் பகிர்ந்துகொண்ட வேலையும் வீட்டுப் பெண்ணின் தலைமேலேயே வந்து சேர்ந்தன. நேரம் மிச்சமாகும் என்று இன்று எவரேனும் சொன்னால், யாருடைய நேரம் என்று திருப்பிக் கேட்பதற்கு இந்த ஆராய்ச்சி நமக்கு இடந்தருகின்றது.

சோறுண்ணும் நாட்டினராகிய நமக்கு ஜப்பான் நாட்டின் அரிசிக் குக்கர் வரலாறு மிகவும் நெருக்கமானது; ஆதலின் அதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, பின்னாளில் சோனி என்று பெயர் பெற்ற நிறுவனத்தின் முன்னோடிகள் மரத்தொட்டி ஒன்றின் அடியில் அலுமினியத் தகடுகளைப் பதித்து மின்சாரத்தால் சோறாக்க முயன்றனர். அரிசியின் தரமும் நீரின் அளவும் மாறினால் சோறு ஒருநாள் குழைந்தது, ஒருநாள் விதையாக நின்றது. அது விற்பனைக்கு வராமலே மறைந்தது. சோறாக்குவதற்கு வெப்பம் மட்டும் போதாது, எப்போது நிறுத்துவது என்ற அறிவும் வேண்டும் என்பது அத்தோல்வியால் விளங்கிற்று.

அந்த அறிவை அளித்தவர்கள் டோக்கியோவில் சிறு தொழிற்கூடம் ஒன்றை நடத்திவந்த மினாமி யோஷிததாவும் அவருடைய மனைவி ஃபுமிக்கோவும் ஆவர். தோஷிபா நிறுவனம் கேட்டுக்கொண்டதன்மேல் அவர்கள் இம்முயற்சியில் இறங்கினர். யோஷிததாவுக்கு இயந்திரம் தெரியும். சோறாக்கத் தெரிந்தவர் ஃபுமிக்கோ. அரிசி, நீர், வெப்பநிலை, நேரம் ஆகியவற்றை மாற்றி மாற்றி அவ்வம்மையார் மீண்டும் மீண்டும் சமைத்துப் பார்த்துக் குறித்து வைத்தார். கொதிநிலையை எட்டியபின் ஏறத்தாழ 20 நிமிடங்கள் அவ்வெப்பத்தில் இருந்தால் சோறு பக்குவமாகின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. 20 நிமிடத்தைக் கருவிக்கு எவ்வாறு உணர்த்துவது? கடிகாரத்தை வைக்கலாம் எனில், குளிர் மிகுந்த வட மாநிலத்தில் கொதிப்பதற்கே நேரம் கூடுதலாகும். கடிகாரக் கணக்குப் பொய்த்துவிடும். அவர்கள் கண்ட வழி வியக்கத்தக்கது. பாத்திரத்துக்குள் பாத்திரமாக அமைத்து, வெளிப்பாத்திரத்தில் ஒரு குவளை நீர் ஊற்றினர். அந்நீர் ஆவியாகித் தீர்வதற்கு ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும். நீர் உள்ள வரையில் வெப்பம் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. நீர் தீர்ந்ததும் வெப்பம் சட்டென்று உயரும். அவ்வேளை இரட்டைத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஒரு குவளை நீரே கடிகாரமாயிற்று!

1955ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இக்குக்கர் விற்பனைக்கு வந்தது. விலை 3,200 யென். பட்டம் பெற்று வேலையில் சேர்ந்த இளைஞரின் முதல் மாதச் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. வாங்குவதற்கு ஆள் வரவில்லை. விடியுமுன் எழுந்து அடுப்படியில் அமர்ந்து தீயைக் காத்துச் சோறாக்குவதே நல்ல இல்லத்தரசியின் கடன் என்ற எண்ணம் அங்கும் வேரோடியிருந்தது. உறங்கிக்கொண்டே சோறாக்குவது சோம்பேறியின் வேலை என்று பலர் கருதினர். கடைக்காரரும் நம்பவில்லை. இந்நிலையில் தோஷிபாவின் விற்பனைப் பொறுப்பிலிருந்த யமதா ஷோகோ கருவியை ஊர் ஊராக எடுத்துச் சென்று மக்கள் முன்னிலையில் சமைத்துக் காட்டினார். அவர் வெறுஞ்சோறு ஆக்கவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. சோயாச் சாறும் காய்களும் கலந்த சோற்றை ஆக்கினார். சோயாச் சாறு சேர்ந்தால் சோறு எளிதில் அடிப்பிடிக்கும் என்பதை அங்குக் கூடியிருந்த பெண்கள் யாவரும் அறிவர். அடிப்பிடிக்காத சோற்றைக் கண்ணால் கண்டு, வாயிலும் இட்டுச் சுவைத்த பின்னர் அவர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. தன் கருவி எளிதாகச் செய்யக்கூடியதை விடுத்து, எது கடினம் என்று வாங்குவோர் அறிந்திருந்தனரோ அதனையே செய்துகாட்டிய நேர்மை அது. சில ஆண்டுகளுக்குள் ஜப்பானிய இல்லங்களில் அரிசிக் குக்கர் இன்றியமையாப் பொருளாயிற்று. கஞ்சி வடித்துச் சோறு உண்ணும் தமிழ்நாட்டில் அக்கருவி மெதுவாகவே இடம் பெற்றது என்பது இதனோடு சேர்த்து எண்ணற்குரியது. ஒரு நாட்டின் உலைக்கு ஏற்ற அறிவு மறுநாட்டின் உலைக்கு அப்படியே பொருந்துவதில்லை.

நம் நாட்டின் நிலைமை என்ன? விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் இந்தியாவின் மின் உற்பத்தித் திறன் மொத்தம் 1,362 மெகாவாட் மட்டுமே. சிற்றூர்களில் மிகப் பெரும்பாலானவை மின்விளக்கைக் கண்டதில்லை. 1958ஆம் ஆண்டில் கோத்ரெஜ் நிறுவனம் குளிர்பெட்டியை இந்தியாவில் செய்து வெளியிட்டபோது அது செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. ஆயினும் மின்சாரமே வேண்டாத அறிவுக் கருவி ஒன்று 1959ஐ ஒட்டி ஹாக்கின்ஸ், பிரஸ்டீஜ் என்னும் பெயர்களில் இங்கே உற்பத்தியாகத் தொடங்கி, நடுத்தர மக்களின் அடுப்படியை அடைந்தது. பிரஷர் குக்கரைத்தான் சொல்கின்றேன். அழுத்தம் மிகுந்தால் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றித் தன்னைத் தானே அடக்கிக்கொள்கின்றது; அந்த வழி அடைபட்டால் எளிதில் உருகும் உலோக அடைப்பு உருகி ஆபத்தைத் தடுக்கின்றது. வெடித்துவிடுமோ என்ற அச்சமே அதற்கு இருந்த பெருந்தடை. அந்தக் கருவியின் பேச்சு விசில் ஒன்றுதான். ஆயினும் பருப்புக்கு எத்தனை விசில், கிழங்குக்கு எத்தனை விசில் என்று நாடெங்கும் உள்ள தாய்மார் தமக்குள் ஒரு கணக்கையே வகுத்துக்கொண்டனர். எந்த நிறுவனத்தின் விளக்கச் சுவடியும் அவ்வளவு பரவியதில்லை. கோயம்புத்தூரில் தோன்றி வளர்ந்த மாவாட்டும் கிரைண்டரும் இவ்வாறே. ஆட்டுக்கல்லின் பக்குவம் இயந்திரத்தில் வருமா என்ற ஐயத்தை இட்டலியே தீர்த்து வைத்தது.

இக்கருவிகள் யாவற்றுக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. அவற்றின் பயனைக் கடையிலேயோ பக்கத்து வீட்டிலேயோ அரைமணி நேரத்தில் கண்டுவிடலாம்.

அடுத்து வந்த காலத்தில் இது மாறிற்று. 1990ஆம் ஆண்டில் ஜப்பானின் மத்சுஷிதா நிறுவனம், துணியின் அளவையும் அழுக்கின் தன்மையையும் உணர்ந்து துவைக்கும் முறையைத் தானே முடிவு செய்யும் சலவை இயந்திரத்தை வெளியிட்டது. கலிபோர்னியாவில் பேராசிரியராயிருந்த லோட்ஃபி ஜாதே 1965ஆம் ஆண்டில் வகுத்த ஃபசி கணிதக் கோட்பாடு அதற்கு அடிப்படை. ஆம், இல்லை என்னும் இரண்டே விடைகளுக்கு நடுவில் 'ஓரளவு அழுக்கு', 'சற்று மிகுதி' என்பன போன்ற மங்கலான நிலைகளையும் கணக்கில் கொள்வது அக்கோட்பாடு. இயந்திரத்தின் அறிவு மெய்யானதே. ஆனால் வாங்குவோர் அதனை எவ்வாறு அறிவர்? பழைய இயந்திரமும் புதிய இயந்திரமும் துவைத்த துணிகளைக் கடையில் யாரும் ஒப்பிட்டுக் காட்டவில்லை. ஃபசி என்ற சொல் ஒன்றே விற்றது. அந்த ஆண்டில் ஜப்பானில் அது பரிசு பெற்ற புதுச்சொல்லாகவும் விளங்கிற்று. விரைவில் சோற்றுக் குக்கர், தூசி உறிஞ்சி, ஒளிப்படக் கருவி அனைத்தின்மீதும் அச்சொல் ஏறியது. இந்தியக் கடைகளுக்கும் சலவை இயந்திரத்தோடு வந்து சேர்ந்தது. பின்னர்ச் சொல் பழகிப் போயிற்று. வேறு சொல் தேவைப்பட்டது. 2000ஆம் ஆண்டில் கொரியாவின் எல்ஜி நிறுவனம் இணையத்தோடு இணைந்த குளிர்பெட்டியை வெளியிட்டது. மிகு விலையுள்ள அப்பெட்டியை வாங்கியோர் சிலரே. பால் தீர்ந்துவிட்டதை அறியக் கதவைத் திறந்து பார்ப்பதே போதுமென்று மக்கள் எண்ணினர் போலும்.

கண்ணால் கண்டு தெளிய இயலாத பயனை எண்ணால் அளந்து சொல்ல வேண்டும். அந்தப் பணியை இந்தியாவில் மேற்கொண்டது அரசு. 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி 2002ஆம் ஆண்டு மார்ச்சில் எரிசக்தித் திறன் பணியகம் நிறுவப்பட்டது. 2006ஆம் ஆண்டில் அது நட்சத்திரக் குறித் திட்டத்தைத் தொடங்கிற்று. முதலில் விரும்பியோர் ஏற்கலாம் என்றிருந்தது, 2010ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஏர்கண்டிஷனர், உறைபனி படியாத குளிர்பெட்டி முதலிய சிலவற்றுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. நட்சத்திரங்களை எண்ணுவதோடு பலர் நின்றுவிடுகின்றனர். அவற்றுக்குக் கீழே அச்சிடப்பட்டுள்ள ஆண்டு யூனிட் கணக்கே அந்த அட்டையின் உயிர்.

ஏர்கண்டிஷனர் ஆண்டில் 1,600 மணி நேரம் ஓடுவதாகக் கொண்டு அக்கணக்குப் போடப்படுகின்றது. ஒரு பெட்டிக்கு 1,000 யூனிட், மற்றொன்றுக்கு 800 யூனிட் என்று அட்டைகள் சொல்வதாகவும், இரண்டாவதன் விலை 8,000 ரூபாய் கூடுதல் என்றும் வைத்துக்கொள்வோம். யூனிட் 7 ரூபாய் எனில் ஆண்டுக்கு 1,400 ரூபாய் மிச்சம். நாள்தோறும் 8 மணி நேரமாக ஆண்டில் 200 நாள் ஓட்டும் நாகபுரி வீட்டுக்குக் கூடுதல் விலை ஏறத்தாழ 6 ஆண்டுகளில் திரும்பிவிடும். அதே பெட்டியைப் பெங்களூரில் ஆண்டுக்கு 400 மணி நேரமே ஓட்டும் வீட்டில் மிச்சம் 350 ரூபாய். கூடுதல் விலை திரும்ப 22 ஆண்டுகளுக்கு மேலாகும். பெட்டி ஒன்றுதான், மதிப்பு இரண்டு. எந்தக் கடைக்காரரும் இதனைச் சொல்லார். ஏனெனில் வீட்டின் பழக்கம் அவருக்குத் தெரியாது. நட்சத்திரத்தின் அளவுகோலும் அவ்வப்போது உயர்த்தப்படுகின்றது. 2022ஆம் ஆண்டு ஜூலையில் அளவுகோல் மாறியபோது அதுவரை ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்த ஏர்கண்டிஷனர்கள் நான்காக இறங்கின. ஆதலால் அட்டையில் உள்ள ஆண்டையும் படிக்க வேண்டும்.

ஏர்கண்டிஷனர்க் கடைகளில் மற்றொரு குழப்பமும் உண்டு. 'இன்வெர்ட்டர்' என்று அட்டையில் கண்டவுடன், மின்சாரம் நின்றாலும் பேட்டரியில் ஓடும் போலும் என்று எண்ணியோர் நம்மிடையே உளர். மின்வெட்டுக்குப் பழகிய நாட்டில் அச்சொல் அப்பொருளிலேயே வழங்கி வந்தமையால் அது இயல்பே. இங்கு அதன் பொருள் வேறு. பழைய பெட்டியின் கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும். போதிய குளிர் வந்ததும் முற்றும் நிற்கும். மீண்டும் முழு வேகத்தில் எழும். இன்வெர்ட்டர் பெட்டியோ தேவைக்குத் தக்கபடி வேகத்தைக் குறைத்தும் கூட்டியும் ஓடுகின்றது. தோஷிபா நிறுவனம் 1981ஆம் ஆண்டிலேயே வீடுகளுக்கான இத்தகைய பெட்டியை வெளியிட்டது. மின் கட்டணத்தை உண்மையாகக் குறைக்கும் அறிவு இதுவே. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல், நட்சத்திரக் குறியுள்ள பெட்டிகள் 24 டிகிரியையே இயல்பு நிலையாகக் கொண்டு வரவேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கு மின்சாரம் மிச்சமாகும் என்பது பணியகத்தின் கணக்கு. இதற்குச் செயலியும் வேண்டாம், வை-ஃபையும் வேண்டாம்.

அவ்வாறாயின் வை-ஃபையோடு வரும் 'ஸ்மார்ட்' கருவியால் பயனே இல்லையா? அப்படிச் சொல்வது நேர்மையாகாது. படுக்கையை விட்டு எழ இயலாத முதியவர் விளக்கையும் விசிறியையும் வாய்ச்சொல்லால் இயக்க முடிவது சிறிய நன்மையன்று. கண்பார்வை இழந்தோர்க்கும் அத்தகையதே. பூட்டிய வீட்டில் கருவி ஓடிக்கொண்டிருப்பதை வெளியூரிலிருந்து அறிந்து நிறுத்துவதும் பயனே. மறதி மிகுந்த வீட்டில் மிச்சம் மிகுதி, கவனமுள்ள வீட்டில் மிச்சம் ஏதுமில்லை. 2023ஆம் ஆண்டில் மைய அரசு திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள், வேளைக்கேற்ற கட்டணம் என்னும் முறையை வகுத்துள்ளன. கதிரவன் ஒளி மிகுந்த பகல் வேளையில் கட்டணம் குறைவு; மாலை நெருக்கடி வேளையில் மிகுதி. ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்டு இம்முறை வந்து சேரும் வீடுகளில், சலவை இயந்திரத்தையும் நீர்ச்சூடேற்றியையும் மலிவான வேளைக்குத் தானே ஒதுக்கிவைக்கும் கருவிக்கு மதிப்புக் கூடும். மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறுபடுமாதலால் தத்தம் வீட்டு மின்கட்டண ரசீதைப் பார்த்தே இதனை முடிவு செய்ய வேண்டும். கட்டளைக்காக இரவும் பகலும் செவிசாய்த்திருக்கும் கருவி தானும் சிறிது மின்சாரம் உண்ணும் என்பதும் மறக்கற்பாலதன்று. 2 வாட் என்று கொண்டால் ஆண்டுக்குப் பதினேழரை யூனிட். ஒன்றுக்கு அது சிறிது, வீட்டில் பத்துக் கருவி இருந்தால் 175 யூனிட்.

இனிச் சொல்லவேண்டியது இவ்வரலாற்றில் முற்றிலும் புதியது. இஸ்திரிப் பெட்டியின் அறிவு பெட்டிக்குள் இருந்தது. குக்கரின் அறிவு ஒரு குவளை நீரில் இருந்தது. வாங்கியவர் அதனையும் சேர்த்தே வாங்கினார். தோஷிபா நாளை வணிகத்தை விட்டாலும் அவருடைய சோறு வெந்துவிடும். இணையக் கருவிகள் பலவற்றின் அறிவோ கருவிக்குள் இல்லை; நெடுந்தொலைவில் நிறுவனத்தாரின் சர்வரில் இருக்கின்றது. கடைக்கு விலை கொடுத்தவர் உடலை வாங்குகின்றார். அறிவை வாடகைக்குப் பெறுகின்றார். வாடகை முடியும் நாளை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. அமெரிக்காவில் ரிவால்வ் என்னும் பெயரில் 300 டாலர் அளவிலான விலைக்கு ஒரு கருவி விற்கப்பட்டது. வீட்டு விளக்குகளையும் கதவுப் பூட்டுகளையும் ஒன்றாக இணைத்து இயக்குவது அது. அந்நிறுவனத்தை 2014ஆம் ஆண்டில் நெஸ்ட் நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் சர்வர் நிறுத்தப்பட்டது. கருவி பழுதாகவில்லை, மின்சாரமும் நிற்கவில்லை. ஆயினும் வாங்கியோர் வீடுகளில் அது வெறும் பெட்டியாயிற்று. அதே 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய மென்பொருள், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த எண்ணற்ற வீட்டுக் கேமராக்களைக் கைப்பற்றி, புகழ்பெற்ற இணையதளங்களைத் தாக்கப் பயன்படுத்திற்று. தம் வீட்டுக் கருவி அயலாருக்கு ஏவல் செய்ததை உரியவர் அறிந்திலர். இவற்றுள் எதனையும் கடையில் வைத்துச் செய்துகாட்ட இயலாது. யமதா ஷோகோ இன்று வந்தாலும் ஐந்தாண்டுக்குப் பிந்திய சோற்றை ஆக்கிக் காட்ட முடியாதன்றோ?

ஆகவே புதுவகை அட்டைகள் தோன்றலாயின. தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூர், 2020ஆம் ஆண்டு அக்டோபரில் இணையக் கருவிகளின் பாதுகாப்பை நான்கு படிகளாக வகுத்துக் குறியிடும் திட்டத்தைத் தொடங்கிற்று. பிரிட்டன் 2022ஆம் ஆண்டில் இயற்றி 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 29 முதல் நடைமுறைப்படுத்திய சட்டம், யாவர்க்கும் பொதுவான எளிய கடவுச்சொல்லோடு கருவி விற்பதைத் தடை செய்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் எந்நாள் வரையில் வழங்கப்படும் என்பதை உற்பத்தியாளர் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றும் விதித்தது.

நம் நாட்டு நட்சத்திர அட்டையில் யூனிட் கணக்கு இருக்கின்றது. குளிரூட்டும் திறன் இருக்கின்றது. மென்பொருளின் ஆயுளுக்கு அதில் ஒரு வரி இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரம், திறன், விலை ஆகியவற்றை அறியும் உரிமையை வாங்குவோருக்கு அளித்துள்ளது. இணையம் நின்றாலும் இக்கருவி தன் முதன்மையான வேலையைச் செய்யுமா, எந்த ஆண்டு வரையில் இதற்கு மென்பொருள் திருத்தம் வரும் என்னும் இரண்டு கேள்விகளைக் கடையிலேயே கேட்டு, கிடைக்கும் விடையை உத்தரவாதச் சீட்டிலோ ரசீதிலோ எழுதித் தரச் சொல்லலாம். எழுதித் தந்த சொல் பின்னர்ப் பொய்த்துப் போனால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடுவதற்கு அந்தச் சீட்டே சான்றாகும்.